நாணம் தடுக்காத கேள்விகள்

கருவின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் மூலமாக அமையும் நரம்புக் குழல், கருவுற்ற ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. தான் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்குத் தெரியாத நாட்கள் அவை. அக்குழல் சரிவர மூடாத குழந்தையை ஒருமுறை ஈன்ற தாய், அடுத்த கருவுறுதலுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டு வந்தால் அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்பதை பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1991இல் வெளிப்படுத்தியது. பேறுகாலக் கவனிப்பு கரு தரித்த பின்னர் தொடங்குவதன்று, அதற்கு முன்னரே தொடங்க வேண்டுவது என்னும் கருத்து இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது.

அவ்வாறாயின், மணமான பெண்ணொருத்தி கருவுறும் முன்னரே தன் உடலைப் பற்றி எவரிடமேனும் கேட்டறிந்தாக வேண்டும். யாரிடம் கேட்பாள்? எந்தச் சொற்களால் கேட்பாள்? இது புதிய சிக்கல் போலத் தோன்றினும் மிகப் பழையது. இஸ்லாமிய மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நூல்களையும் அவற்றை இயற்றிய ஆண்களையும் வரிசைப்படுத்திக் காட்டுவர். நாம் இங்கே கேள்வி கேட்ட பெண்களைத் தேடிச் செல்வோம். அவ்வாறு தேடும்போது நமக்குக் கிடைக்கும் முதல் ஆவணம் மருத்துவ நூலன்று. ஹதீஸ் தொகுப்பே ஆகும்.

மதீனாவின் பெண்கள், ஆண்களே எந்நேரமும் நபி (ஸல்) அவர்களைச் சூழ்ந்துகொள்கின்றனர், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று முறையிட்டதையும், அவ்வாறே ஒரு நாள் ஒதுக்கப்பட்டதையும் இமாம் புகாரி பதிவு செய்துள்ளார். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு நாணம் தங்களைத் தடுக்க விடாத பெண்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அப்பாராட்டு எவ்விடத்தில் வருகிறது என்பது கருதத்தக்கது. மாதவிடாய் நின்றபின் குளிப்பது எப்படி என்று அஸ்மா (ரலி) கேட்ட கேள்வியை ஒட்டியே அது வருகிறது. பொதுவான கல்வி ஆர்வத்திற்காக அன்று. தம் உடலைப் பற்றிய கேள்விக்காகவே அப்பெண்கள் போற்றப்பட்டனர்.

கருத்தரிப்போடு நேரடியாகத் தொடர்புடைய கேள்வியை எழுப்பியவர் உம்மு சுலைம் (ரலி). அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் தாயார். அபூ தல்ஹா (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதையே தம் மஹராக ஏற்றவர். உண்மையை உரைக்க அல்லாஹ் நாணுவதில்லை என்னும் முன்னுரையோடு அவர் தம் கேள்வியைத் தொடங்கினார். உறக்கத்தில் பெண்ணுக்கு ஸ்கலிதம் நேர்ந்தால் அவள்மீது குளிப்பு கடமையா என்பது கேள்வி. ஈரத்தைக் கண்டால் ஆம் என விடை கிடைத்தது. அருகிலிருந்த உம்மு ஸலமா (ரலி) முகத்தை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே, பெண்ணுக்கும் அவ்வாறு நேருமா என்று கேட்டார். நேராவிட்டால் பிள்ளை எவ்வாறு தாயின் சாயலைப் பெறும் என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

குளிப்பைப் பற்றிய ஒரு வினா, தாய்க்குப் பிள்ளையின் உருவாக்கத்தில் என்ன பங்கு என்னும் வினாவாக இரண்டே வாக்கியங்களில் வளர்ந்துவிட்டதை நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்து உலகில் இது தீர்ந்த விஷயமன்று. பெண் அளிப்பது வெறும் உதிரமாகிய மூலப்பொருளே, உருக்கொடுப்பது ஆணின் விந்தே என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. ஆண், பெண் இருவரிடமும் விந்து உண்டு என்பது ஹிப்போகிரட்டஸ் மரபினரும் ஜாலீனூஸ் என நம் ஹகீம்கள் அழைக்கும் கேலனும் கொண்ட கொள்கை. இவ்விரண்டும் அரபு மொழிக்குப் பெயர்ந்து வந்தபோது, ஹதீஸை அறிந்தோர் இரண்டாவதன் பக்கமே சாய்ந்தனர். இப்னு சீனா பெண்ணின் விந்து என்ற சொல்லை ஏற்றுக்கொண்டாலும் உருவாக்கும் ஆற்றலை ஆணுக்கே அளித்து அரிஸ்டாட்டிலோடு ஒத்துப்போனார். 1350இல் மறைந்த இப்னுல் கய்யிம், குழந்தை பற்றிய சட்டங்களைக் கூறும் தம் ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ நூலில் ஹதீஸையும் ஹிப்போகிரட்டஸையும் அருகருகே வைத்து இருபாலரின் பங்கையும் நிலைநாட்டினார். இவ்விவாதத்தின் வரலாற்றை பாஸிம் முஸல்லம் 1983இல் வெளியான தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்விடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. இந்த ஹதீஸில் இன்றைய கருவியலைத் தேடி எடுத்துக் காட்டும் ஆர்வம் நம்மவர் சிலரிடம் உண்டு. பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டறிந்தார். அதுவும் ஹதீஸ் பேசும் ஈரமும் ஒன்றெனக் காட்ட முற்படுவது இரண்டுக்குமே நியாயம் செய்வதாகாது. நமக்கு முக்கியமானது வேறு. பல நூற்றாண்டுகள் அறிஞர்கள் வாதிட்ட ஒரு பொருளுக்கு ஆதாரமாக நின்றது ஒரு பெண் கேட்ட கேள்வி; அவளுடைய பெயரும் அக்கேள்வியோடு சேர்ந்தே காக்கப்பட்டது.

உம்மு சுலைம் மட்டுமல்லர். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) தமக்கு உதிரம் நிற்பதே இல்லை என்று வந்து முறையிட்டார். அது மாதவிடாயன்று, நரம்பிலிருந்து வருவது என்று அவருக்கு விளக்கப்பட்டது. ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) கடுமையான போக்கினால் வருந்தியபோது பஞ்சை வைத்துக்கொள்ளுமாறும், ஆறு அல்லது ஏழு நாட்களை மாதவிடாயாகக் கணக்கிட்டு எஞ்சிய நாட்களில் தொழுது நோன்பு நோற்குமாறும் கூறப்பட்டது. இயல்பான ஹைளு வேறு, நோயான இஸ்திஹாளா வேறு என்னும் பாகுபாடு இப்பெண்களின் கேள்விகளாலேயே சட்டமாயிற்று.

ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அறிவிக்கும் செய்தி இன்னும் சுவையானது. பாலூட்டும் மனைவியுடன் கூடுவதும், பாலூட்டும் காலத்தில் அவள் மீண்டும் கருவுறுவதும் மடிக் குழந்தைக்குக் கேடு என்று அரபுகள் நம்பினர். இதனை ‘ஃகீலா’ என்றனர். அதனைத் தடை செய்ய எண்ணியதாகவும், உரோமரும் பாரசீகரும் அவ்வாறு செய்தும் அவர்தம் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரவில்லை என்பதை நினைந்து விட்டுவிட்டதாகவும் நபி (ஸல்) கூறினார்கள். பிற சமூகங்களின் அனுபவம் இங்கே சான்றாகக் கொள்ளப்படுகிறது. இதற்கு மாறாக, ஃகீலாவைப் பற்றி எச்சரிக்கும் செய்தியொன்றை அஸ்மா பின்த் யஸீத் (ரலி) வாயிலாக அபூ தாவூத் தருகிறார். இரண்டையும் இணக்கிக் காண அறிஞர்கள் முயன்றனர். இரு தரப்புக்கும் அறிவிப்பாளர் பெண்ணாகவே இருப்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

ஃபிக்ஹ் நூல்களின் ‘ஹைளு’ அத்தியாயத்தை மாணவப் பருவத்தில் சலிப்போடு கடந்து சென்றவர் நம்மில் பலர். ஆயினும் அது பெண்கள் தந்த விடைகளின் தொகுப்பே ஆகும். குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், கூடியது 15 நாட்கள் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. மூன்று நாட்கள் முதல் பத்து நாட்கள் வரை என்பது ஹனஃபி மத்ஹபு. இமாம் ஷாஃபிஈ தம் ‘அல்-உம்மு’ நூலில், எப்போதும் ஒரே நாள் மட்டும் மாதவிடாய் காணும் பெண்ணொருத்தியைப் பற்றித் தமக்கு உறுதிப்பட்ட செய்தியைச் சான்றாகக் காட்டுகிறார். தேடி விசாரித்து அறியும் இம்முறையைப் பிற்காலத்தார் ‘இஸ்திக்ரா’ என்றனர். கருவறைகளில் இருப்பதைப் பெண்கள் மறைக்கலாகாது என்னும் திருக்குர்ஆன் கட்டளையிலிருந்து, அவ்விஷயத்தில் அவர்கள் சொல்லே ஏற்கப்பட வேண்டும் என்றும் சட்ட அறிஞர்கள் முடிவு கண்டனர். ஆண்களின் பார்வை செல்லாத இடங்களில் பெண்களின் சாட்சியம் தனித்தே செல்லும். பிள்ளைப்பேற்றில் மருத்துவச்சி ஒருத்தியின் சாட்சியமே போதும் என்பது ஹனஃபியரின் நிலை.

இதன் விளைவு ஒன்றுண்டு. தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் ஒவ்வொரு முஸ்லிம் பெண்ணும் தன் நாட்களை எண்ணத் தெரிந்தவளாக வளர்ந்தாள். வழக்கமான நாள் எத்தனை, இடையில் தூய்மையாக இருந்த நாள் எத்தனை, வழக்கம் எப்போது மாறியது என்பதெல்லாம் அவள் மனத்தில் பதிந்திருந்தன. கருத்தரிப்பைப் பற்றி அறிய வரும் பெண்ணிடம் இன்றைய மருத்துவர் முதலில் கேட்பது இக்கணக்கையே. வணக்கத்திற்கென வளர்ந்த அறிவு உடல்நலத்திற்கும் உரிய அறிவாக இருந்தது. அவ்வாறு அதனைச் சொல்லிக் கொடுத்தோமா என்பது வேறு விஷயம்.

பத்தாம் நூற்றாண்டை அடையும்போது இப்பொருளில் தனி நூல்களே தோன்றிவிட்டன. குர்துபாவில் அரீப் இப்னு ஸஅத் கரு உருவாதல், கருவுற்றோர் பேணுதல், பிறந்த குழந்தை வளர்ப்பு ஆகியவற்றை ஒரே நூலில் எழுதினார். கைரவானில் இப்னுல் ஜஸ்ஸார் ‘ஸாதுல் முஸாஃபிர்’ நூலின் ஆறாம் பகுதியை இனப்பெருக்க உறுப்புகளின் நோய்களுக்கு ஒதுக்கினார். ஏழைகளுக்கான மருத்துவம் என்றும் அவர் ஒரு நூல் செய்தார். அவரைப் பற்றி நாம் தனியே எழுத வேண்டும். எகிப்தில் அஹ்மத் அல்-பலதீ கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் பேணுவது குறித்து எழுதினார்.

இந்நூல்களை எந்தப் பெண் படித்தாள்? அரசவை மருத்துவரின் கையேட்டுக்கும் வீட்டு முற்றத்தில் இருந்த மணப்பெண்ணுக்கும் இடையே நின்றவள் ‘காபிலா’ எனப்பட்ட மருத்துவச்சியே. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் இதை ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறார். பெண்ணின் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றுவது பற்றிக் கூறுமிடத்தில், கற்புள்ள பெண் ஆண் மருத்துவரிடம் தன்னைக் காட்ட முன்வருவதில்லை, இக்கலையறிந்த பெண் மருத்துவரோ அரிது என்கிறார். அவ்வாறான நிலையில் திறமையுள்ள மருத்துவச்சி ஒருத்தியை அழைத்து, மருத்துவர் சொல்லச் சொல்ல அவள் கையால் செய்விக்க வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. அறிவு ஒருவரிடம், கை வேறொருவரிடம், நோவோ மூன்றாமவரிடம். அந்த அறையில் நோயாளிப் பெண்ணின் சொல் மருத்துவரை எவ்வளவு தூரம் சென்றடைந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. இப்னு ஸுஹ்ர் குடும்பத்தைச் சேர்ந்த அபூபக்ரின் சகோதரியும் அவருடைய மகளும் பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ந்தவர்கள்; முவஹ்ஹிதீன் கலீஃபா அல்-மன்ஸூரின் வீட்டுப் பெண்களுக்கு அவர்களே பேறு பார்த்தனர். இதனைச் சொல்லும் இப்னு அபீ உஸைபிஆ அவ்விருவரின் பெயர்களைத் தரவில்லை. மதீனாவில் உதிரப்போக்கைப் பற்றிக் கேட்டவள் தந்தை பெயரோடு நினைக்கப்படுகிறாள். மொராக்கோவில் அரச குடும்பத்திற்கே மருத்துவம் பார்த்தவர்கள் இன்னாரின் சகோதரி, இன்னாரின் மருமகள் என நின்றுவிடுகின்றனர். ஹதீஸ் கலைக்கு அறிவிப்பாளரின் பெயர் இன்றியமையாதது. வரலாற்றாசிரியருக்கு அது வேண்டியிருக்கவில்லை போலும்.

1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் மருத்துவச்சிக் கலைக்குத் தனி அத்தியாயம் தந்தார். பால்குடி மறக்கும் வரை குழந்தைக்கு நேரும் நோய்களில் தேர்ந்த மருத்துவரைவிட மருத்துவச்சிக்கே தெளிவு மிகுதி என்பது அவர் கருத்து. இக்கருத்துக்குப் பின்னால் பல மருத்துவச்சிகளின் அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

கருவுறுவதா, தள்ளிப்போடுவதா என்பதிலும் பெண்ணின் நலன் பேசப்பட்டது. ‘அஸ்ல்’ எனும் தவிர்ப்பு முறைக்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்று சட்ட அறிஞர் பலர் கூறினர். பேறுகால ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பது அதற்கு ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்று என இமாம் ஃகஸ்ஸாலி ‘இஹ்யா’வின் திருமண ஒழுக்கம் பற்றிய பகுதியில் குறிப்பிடுகிறார். கருவுறும் முன் தன் உடல்நிலையை எண்ணிப் பார்க்கும் பெண்ணுக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நவீன காலத்திற்கு வருவோம். எகிப்தின் முஹம்மது அலீ பாஷா, குலோ பே என்னும் பிரெஞ்சு மருத்துவரைக் கொண்டு 1827இல் அபூ ஸஅபலில் மருத்துவப் பள்ளியையும், 1832இல் பெண்களுக்கான ‘ஹகீமா’ பள்ளியையும் நிறுவினார். பெண்களை அனுப்பக் குடும்பங்கள் முன்வரவில்லை. எனவே கெய்ரோ அடிமைச் சந்தையில் வாங்கிய சூடானிய, அபிசீனியப் பெண்களைக் கொண்டு முதல் வகுப்பு தொடங்கியது. எழுதப் படிக்கவும், பேறு பார்க்கவும், அம்மை குத்தவும் அவர்கள் கற்றனர். பின்னாளில் அப்பள்ளி வழிவந்த ஜலீலா தம்ரஹான் மருத்துவச்சிக் கலை பற்றி அரபியில் நூலே எழுதினார். இதைப் பெருமையாகச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். படைக்கு ஆள் வேண்டும் என்பது அரசின் கணக்கு. காவல் நிலையங்களில் பெண்களின் உடலைச் சோதித்து அறிக்கை தரும் பணியும் ஹகீமாக்களுக்கே தரப்பட்டது. கேட்க வந்தவளுக்கு விடை சொல்வதும், கேளாதவளைச் சோதிப்பதும் ஒரே கையில் சேர்ந்தன. அக்கையைக் கண்டு சாதாரணப் பெண்கள் ஒதுங்கியிருந்தால் அவர்களைக் குறை கூறலாமா?

நம் ஊருக்கும் இத்தகைய வரலாறு உண்டு. சென்னையில் வழக்கறிஞராக இருந்த கணவருடன் வாழ்ந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பத்தைக் கேள்வியுற்று, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இலண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி, 1885இல் சாதிக் கட்டுப்பாடும் கோஷாவும் உள்ள பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமானார். ‘கோஷா’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு மூலை, ஒதுக்கிடம் என்று பொருள். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிய பின்னரும் சென்னை மக்கள் வாயில் அது கோஷா ஆஸ்பத்திரியே. திரைக்குள் இருந்த பெண்ணை வெளியே வரச் சொல்லாமல், அவள் கேட்கக்கூடிய ஒருத்தியைத் திரைக்குள் அனுப்பியது அம்மருத்துவமனை. அஸ்ஸஹ்ராவி அரிதென்று வருந்திய பெண் மருத்துவர், ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் நம் கடற்கரையோரத்தில் அவ்வாறு கிடைத்தார்.

வடநாட்டில் ஹகீம் அஜ்மல் கான் 1909இல் தில்லியில் பெண்களுக்கென யூனானிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்காக உருதுவில் எழுதிய ‘பிஹிஷ்தி ஸேவர்’ நூலின் ஒன்பதாம் பகுதி முழுவதும் மருத்துவமே. தொழுகைச் சட்டம் உள்ள அதே நூலில் கருவுற்றவளின் பேணுதலும் இருக்கிறது. அந்நூல் பெண்களை நடத்தும் முறையில் நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. ஆனால் மருத்துவச்சியையும் மாமியாரையும் கேளாமல், தானே பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வசதியை ஒரு மணமகளின் கையில் வைத்தது என்ற அளவில் அது புதிய காலத்து நூலே. மணமகளுக்குச் சீதனமாக அதனைக் கொடுத்தனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது.

இன்று கேள்விகள் மாறியுள்ளன. நெருங்கிய உறவில் மணமுடிப்பது நம்மிடையே வழக்கம். உறவுக்கு வெளியே மணமுடிக்குமாறு உமர் (ரலி) ஒரு குலத்தாருக்கு அறிவுறுத்தியதாக ஒரு செய்தி உண்டு. இரத்தச் சோகை நோயான தலசீமியாவைத் தவிர்க்க ஈரான் 1997இலும், சவூதி அரேபியா 2004இலும் திருமணத்திற்கு முன் இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. தாய், தந்தை இருவரும் நோயின்றி அதன் கூற்றை மட்டும் தாங்கியிருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அந்நோய் வர வாய்ப்புண்டு. சாயல் மட்டுமின்றி நோயும் இருவரிடமிருந்தும் வருகிறது. நம் ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் எழுதப்படுகிறது. இத்தகைய பரிசோதனையைப் பற்றி மணமக்களிடம் ஒரு வார்த்தை சொல்வாரும் அரியர்.

மருத்துவரின் அறையில் மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார் விடை சொல்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கடைசியாக எந்தத் தேதி என்பதற்குக்கூட மருமகள் வாய் திறப்பதில்லை. அப்பெண் மதரஸாவில் ஹைளு பாடத்தை ஓதியவளாகவே இருப்பாள். பத்து நாட்களுக்கும் பதினைந்து நாட்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பெண்களுக்கான மதரஸாக்களில் அப்பாடத்தை நடத்தும் ஆலிமாக்கள், ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷின் கேள்வியைச் சொல்லும் அன்றே, நாட்கள் தவறினாலோ போக்கு மிகுந்தாலோ மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும், மணமான பின் எந்த மாத்திரையை எப்போது தொடங்குவது பற்றிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அரை மணி நேரப் பாடம். தொழுகைக்காக அவள் குறித்து வைக்கும் அதே தாளை மருத்துவரின் மேசைமீதும் வைக்கலாம்.